சின்னவளின் பதினொரு திருத்தங்கள்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தால், அதை எழுதியது யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. "பால் காய்ச்சியாகிவிட்டது. கீழ்த் தட்டில் இருக்கும் சோறு நேற்றையது" என்று இருக்கும். ஓரத்தில் பொடியாக ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே மணி, 1.15. எழுதி முடித்த பிறகு சோறு நேற்றையது இல்லை, முந்தாநாளையது என்று ஞாபகம் வந்துவிட்டால், அந்தச் சொல்லை அடித்துக் கிறுக்கமாட்டாள். அடியில் இருக்கும் எழுத்து தெரியும்படி ஒரே ஒரு கோடு போடுவாள். மேலே சரியான சொல்லை எழுதுவாள். பக்கத்தில் இன்னொரு குட்டிக் கையெழுத்து, இன்னொரு மணி. "ஒரு பிடி பழைய சோத்துக்கு இத்தனை சாட்சியா?" என்று நான் கேட்டால், "தப்பா எழுதினது என்னன்னும் தெரியணும்க்கா, திருத்தினது யாருன்னும் தெரியணும்" என்பாள்.

இவள் என் கொழுந்தனின் மனைவி, எனக்கு ஓரகத்தி. வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். நான் மூத்தவள் என்பதால் எனக்கு அவளை அதட்டும் உரிமை உண்டு, அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை. ஒரே வீடு, இரண்டு குடும்பம், ஒரு சமையலறை. முதல் இரண்டு வருடம் கீரியும் பாம்புமாக இருந்தோம். மூன்றாவது வருடம் எனக்கு டைபாய்டு வந்து படுத்தபோது என் காய்ச்சலை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் அளந்து, சுவரில் ஒட்டிய தாளில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டாள். அன்றோடு நான் அவளுடன் சண்டை போடுவதை விட்டுவிட்டேன். திட்டுவதை மட்டும் விடவில்லை.

அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் லேபில் வேலை. ரத்தம் எடுத்துச் சோதித்து எண்ணை எழுதும் வேலையில் பத்தொன்பது வருடம். அந்த லேபில் ஒரு சட்டம். எழுதிய எண்ணை ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது, மேலே மேலே எழுதக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒற்றைக் கோடு, சரியான எண், கையெழுத்து, நேரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மனப்பாடமாகப் படித்தாளாம். இப்போது அவளுக்கு அது மூச்சு விடுவது போல ஆகிவிட்டது.

என் கொழுந்தன் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பொறுப்பாளன். விடியற்காலை நாலு மணிக்கு வேலை ஏறினால் பகல் பன்னிரண்டரைக்கு இறங்குவான். ஒரு மணிக்கு வீட்டுக்கு வருவான், மாவும் வியர்வையுமாக. நேராகக் குளியலறை. அவன் தலை துவட்டிக்கொண்டு வெளியே வரும்போது சின்னவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு இரண்டு மணி முதல் இரவு பத்து மணி வரை வேலை. அவள் திரும்பும்போது அவன் உறங்கி மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். வார விடுமுறையாவது ஒத்துப்போனதா? அவனுக்கு ஞாயிறு, அவளுக்குப் புதன். வருடத்தில் நாலைந்து நாள் லீவு போட்டு இருவரும் வீட்டில் இருந்தார்கள் என்றால் அன்று யார் வீட்டிலாவது கல்யாணம் இருக்கும், இல்லையென்றால் சாவு. இப்படி ஒன்பது வருடம். ஒருவர் வர ஒருவர் போக, வாசற்படியில் "சாப்பிட்டியா?", "பத்திரம்" என்ற இரண்டு சொல்லில் ஒரு குடித்தனம். மீதியெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில் நடந்தது. பிள்ளைகள் இல்லை. அதை யாரும் பேசுவதில்லை, நானும் பேசப் போவதில்லை.

லேபில் ஒரு மேற்பார்வையாளர் பதவி உண்டு. காலை எட்டு முதல் நாலு வரை வேலை, ஞாயிறு விடுமுறை. அதில் இருந்தவர் அடுத்த வருடக் கடைசியில் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்த அன்று, சின்னவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, அந்த வேலை கிடைச்சா நாங்க ரெண்டு பேரும் தினம் ராத்திரி ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்."

சம்பளம் கூடும், பெயருக்குப் பின்னால் பட்டம் வரும் என்றெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. வெங்காயம்தானே என்று நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

வேலை தெரியுமா என்று கேட்டால் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அந்தப் பதவிக்குப் போக ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பொதுவான ஆங்கிலத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். நூற்றுக்கு எழுபது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நடக்கும். நாற்பத்தைந்து வயதுக்குள் எழுதித் தேறவில்லையென்றால் பிறகு எழுதவே முடியாது. சின்னவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று. முதல் தடவை ஐம்பத்தெட்டு வாங்கினாள். இரண்டாம் தடவை அறுபத்தாறு. ஆங்கிலம் பேசுவாள், படிப்பாள், டாக்டர்களுக்குப் பதில் சொல்வாள். அவளைக் கவிழ்த்ததெல்லாம் பொடி விஷயங்கள். 'எ' போடுவதா 'தி' போடுவதா, 'ஹேஸ்' வருமா 'ஹேவ்' வருமா என்ற மாதிரி, சோற்றில் கிடக்கும் கல் அளவு விஷயங்கள்.

எனக்கும் ஆங்கிலத்துக்கும் ஏழாம் பொருத்தம். பத்தாவதில் முப்பத்தொன்று வாங்கி, நாலு மார்க்கில் பள்ளிக்கூடத்தோடு உறவு முடிந்தவள் நான். பள்ளிச் சீருடை தைப்பது என் தொழில். எந்தப் பள்ளியில் படிப்பு முடியவில்லையோ அதே பள்ளிக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறேன். அப்படிப்பட்ட என்னைத்தான் அவள் கேள்வி கேட்க உட்கார வைத்தாள். காலை பத்து மணிக்குத் தையல் எந்திரத்தில் ஒரு பக்கம் துணி, மறுபக்கம் அவளுடைய கேள்விப் புத்தகம். நான் எழுத்துக் கூட்டிக் கேள்வியைப் படிப்பேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே பதில் சொல்வாள். நான் கடைசிப் பக்கத்தைப் புரட்டிச் சரியா தப்பா என்று பார்ப்பேன். கேள்வி கேட்பவளுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், விடை கையில் இருந்தால் போதும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எத்தனை வாத்தியார்கள் இப்படிப் பிழைத்தார்களோ.

அவள் எனக்கு விளக்குவாள். விளக்கினால்தான் அவளுக்குப் பதியுமாம்.

"முதல் தடவை ஒரு ஆளைச் சொல்றப்போ 'எ'. அதே ஆளை மறுபடி சொன்னா 'தி'. ஏன்னா இப்போ தெரிஞ்ச ஆளாயிட்டார்."

"அதாவது, புது மருமக வீட்டுக்குள்ள வர்றப்போ 'எ'. மறுநாள் காலையில பாத்திரம் தேய்க்க உக்காந்தா 'தி'."

"அதேதான்க்கா," என்றாள். சிரிக்கவில்லை. புத்தக ஓரத்தில் எழுதிக்கொண்டாள், கையெழுத்தோடு.

'ஈச்' என்று ஒரு சொல். ஒவ்வொரு என்று அர்த்தம். ஐம்பது பேர் கூட்டமாக நின்றாலும் 'ஈச்' வந்துவிட்டால் 'ஹேஸ்'தான், ஒருமைதான். 'நைதர்', 'நார்' என்று இன்னொரு ஜோடி. டாக்டரும் இல்லை நர்சுகளும் இல்லை என்று சொல்லும்போது வினைச்சொல் யாருக்கு அடங்கும்? பக்கத்தில் நிற்பவருக்கு. கடைசியில் நர்சுகள் இருந்தால் பன்மை, டாக்டர் இருந்தால் ஒருமை. "பக்கத்துல நிக்கிறவங்க பேச்சைத்தான் கேக்குமா? அப்படின்னா அது என் வீட்டுக்காரர் ஜாதி" என்றேன். முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், காது கேட்காதவர் போல ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

சிலது அவளுக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிடும். எண்ண முடிந்தது குறைந்தால் 'ஃப்யூவர்', எண்ண முடியாதது குறைந்தால் 'லெஸ்'. இதைப் படித்தவுடன் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "ரத்தம் கம்மின்னா 'லெஸ்'. ரத்தத்துக்குள்ள சிவப்பணு கம்மின்னா 'ஃப்யூவர்'. நான்தான் தினம் எண்ணுறேனே" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில். அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு ஒருநாளும் விட்டதில்லை.

செயப்பாட்டு வினையோடு மட்டும் அவளுக்குத் தீராத தகராறு. 'ரத்தம் சோதிக்கப்பட்டது' என்று எழுதினால் முழு மார்க்காம். அவள் 'என்னால்' என்று சேர்ப்பாள். புத்தகம் வேண்டாம் என்கிறது. "யார் சோதிச்சதுன்னு இல்லாம ஒரு வாக்கியம் எப்படிக்கா நிக்கும்?" என்று என்னிடம் கேட்பாள், நான் ஏதோ அந்தப் பாஷையைக் கண்டுபிடித்தவள் போல. "நின்னா நிக்கட்டும், விழுந்தா விழட்டும், உனக்கென்ன? கேட்டதை எழுதிட்டு வா" என்று அதட்டுவேன். மனசே இல்லாமல் அந்த 'என்னால்'மேல் ஒரு கோடு போடுவாள்.

இப்படி ஐந்து மாதம். நான்கூடத் துணி வாங்க வந்த ஒரு டீச்சரம்மாவிடம் "இது 'சின்ஸ்' இல்ல மேடம், 'ஃபார்' வரணும்" என்று வாயைக் கொடுத்து, அவர்கள் இன்னொரு தையல்காரியைத் தேடிப் போகும் அளவுக்கு முன்னேறியிருந்தேன்.

மூன்றாவது தடவை தேர்வு எழுதிவிட்டு அவள் வீட்டுக்கு வந்ததை என்னால் மறக்க முடியாது. புதன்கிழமை, அவளுக்கு விடுமுறை நாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது.

"அக்கா, எழுதி முடிச்சு இருபது நிமிஷம் மிச்சம். திரும்பப் படிச்சேன். பதினொரு தப்பு கண்ணுல பட்டுது. பதினொண்ணையும் திருத்திட்டேன்."

"போன தடவை எத்தனை?"

"போன தடவை தப்பே தெரியலக்கா. எல்லாம் சரின்னு நினைச்சேன்."

எனக்கு அப்படியே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தப்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால் பாதி படிப்பு வந்துவிட்டது என்றுதானே அர்த்தம். தையலிலும் அப்படித்தான். அன்று சாயங்காலம் அவள் சும்மா இருக்கமுடியாமல் என் நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கி வைத்தாள்.

ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை. 'செல்லாது' என்று ஒரு சொல்.

அறுபத்தொன்பது என்று வந்திருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள். இதற்கு எப்படி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். மறுநாள் கேள்விப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கட்டில் பார்த்தேன். கொழுந்தன் என்னிடம், "விட்டுருங்க அண்ணி. ஒன்பது வருஷம் ஓடிடுச்சு, இன்னும் பதிமூணு வருஷந்தானே, ரிட்டயர் ஆயிடுவோம்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கையில் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தான், தலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். செல்லாது என்றால் என்ன அர்த்தம்? செல்லாததற்கு அவள் என்ன கிழிந்த நோட்டா? புத்தகத்தைக் கட்டிலிருந்து உருவினேன். அடுத்த புதன்கிழமை நாற்பது சட்டைக்குப் பொத்தான் காஜா எடுக்க வேண்டியிருந்தது. போட்டது போட்டபடி கிடக்கட்டும் என்று எந்திரத்தை மூடினேன். "கிளம்புடி" என்றேன். "வேண்டாம்க்கா" என்றவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேர்வு அலுவலகத்துக்குப் போனேன்.

நாலாவது மாடி. வரிசையில் ஒன்றேகால் மணி நேரம். கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா, வயது ஐம்பத்தைந்து இருக்கும், எங்கள் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் அதற்குள் அவரைத் திட்ட ஏழெட்டு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் விடைத்தாளோடு வந்து, எங்களையும் உட்காரச் சொல்லி, தானும் உட்கார்ந்தார். மனிதர் நல்லவராக இருந்தது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

"நீங்கதானேம்மா எழுதினது? முன்பக்கத்துல ஒன்பதாவது விதி படிச்சீங்களா?"

"படிச்சேன் சார். உள்பக்கத்துல பேரோ கையெழுத்தோ அடையாளமோ போடக் கூடாது."

"அப்போ இதெல்லாம் என்னம்மா?"

தாளைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். பதினொரு இடத்தில் ஒற்றைக் கோடு. 'ஹேவ்'மேல் ஒரு கோடு, பக்கத்தில் 'ஹேஸ்'. 'சின்ஸ்'மேல் ஒரு கோடு, பக்கத்தில் 'ஃபார்'. அந்தந்தக் கோட்டின் ஓரத்தில் அவளுடைய குட்டிக் கையெழுத்து. 11.42. 11.43. 11.47.

"மணிகூடப் போட்டிருக்கீங்களே" என்றார் குமாஸ்தா. குரலில் கேலி இல்லை. "திருத்தறவருக்கு எழுதினது யாருன்னு தெரியக் கூடாதும்மா. ஒரு சின்ன அடையாளம் இருந்தாக்கூட, யாரோ யாருக்கோ சாடை காட்டறாங்கன்னு எடுத்துக்குவோம். தாளைத் திருத்தவே மாட்டோம்."

"இவ சாடை காட்டுற மூஞ்சியா சார்?" என்றேன். "வீட்ல பழைய சோத்துக்கே கையெழுத்துப் போடறவ சார் இவ."

சின்னவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் கையெழுத்துப் போடல சார்" என்றாள். "திருத்தினேன்."

அவளுக்கு அது கையெழுத்தே இல்லை, புரிகிறதா? விதியைப் படித்திருக்கிறாள். பெயர் எழுதக் கூடாது என்று தெரியும். ஆனால் ஒரு தப்பைத் திருத்தினால் திருத்தியவள் அங்கே நிற்க வேண்டும். நிற்காமல் போனால் அவள் கணக்கில் அது திருத்தம் இல்லை, மறைப்பது. போன இரண்டு தடவை தப்பு தெரியவில்லை, அதனால் கோடும் இல்லை, கையெழுத்தும் இல்லை, தாள் செல்லுபடியானது. இந்தத் தடவை படித்தாள், தப்பைக் கண்டுபிடித்தாள், அதனாலேயே போயிற்று. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

"மார்க் எவ்வளவு வந்திருக்கும்னாவது சொல்லுங்க சார்" என்று கேட்டேன். திருத்தாத தாளுக்கு மார்க் கிடையாது என்றார். அடுத்த தேர்வு நடக்கும் தேதியைப் பார்த்தார், அவளுடைய பிறந்த தேதியைப் பார்த்தார். "அந்தத் தேர்வு முடிஞ்சு பதினெட்டு நாள் கழிச்சுத்தான் உங்களுக்கு நாப்பத்தஞ்சு ஆகுதும்மா. இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம்" என்றார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு போகும்போது நின்று, "பதினொண்ணும் சரியான திருத்தம்மா" என்றார்.

பஸ்ஸில் அவளைத் திட்டித் தீர்த்தேன். முன் இருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், நான் கவலைப்படவில்லை. பத்தொன்பது வருடம் வேலை பார்த்த கைக்கு எது ஆஸ்பத்திரி, எது பரீட்சை என்று தெரியாதா என்றேன். அவள் பாதி வழியில் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். நான் என் முந்தானையைக் கொடுத்துவிட்டு மீதித் திட்டை வீட்டுக்கு என்று வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இலக்கணம் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. கைதான் பிரச்சினை. நான் புத்தகத்திலிருந்து தப்பு வாக்கியங்களைப் பார்த்து எழுதித் தருவேன். என் எழுத்தில் புத்தகத்தில் இல்லாத தப்பும் சேர்ந்திருக்கும், போனஸ் மாதிரி. அவள் கோடு போடுவாள், சரியானதை எழுதுவாள், உடனே பேனா ஓரத்துக்குப் போகும். நான் துணி அளக்கும் மரச் சட்டத்தால் விரலில் தட்டுவேன். அடுத்ததற்கும் போகும். தட்டுவேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? இரண்டு மாதத்தில் அவளுடைய விரல் முட்டி சிவந்ததுதான் மிச்சம்.

மூன்றாவது மாதம் அதைவிட மோசமானது நடந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், மறுநாள் காலை என்னிடம் புத்தகத்தை நீட்டாமல் நின்றாள். "நேத்து லேப்ல ஒரு எண்ணைத் திருத்திட்டுக் கையெழுத்துப் போடாம விட்டுட்டேன்க்கா. டாக்டர் கூப்பிட்டுக் காட்டினாங்க. பத்தொன்பது வருஷத்துல முதல் தடவை." புத்தகத்தை எந்திரத்தின்மேல் கவிழ்த்து வைத்தாள். "எனக்கு இந்தப் பரீட்சை வேண்டாம். ஒருத்தரோட ரத்தம்க்கா அது."

நான் மரச் சட்டத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன். எனக்கும் பயமாகிவிட்டது. இவளுடைய கை சரியாக இருப்பதால்தான் யாரோ ஒருவருக்குச் சரியான மருந்து போகிறது. ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதற்காக அந்தக் கையைக் கெடுத்துவிட்டேனோ என்று அன்று முழுவதும் மனசு அடித்துக்கொண்டது. ஒரு வாரம் நாங்கள் புத்தகத்தைத் தொடவே இல்லை.

வழி கிடைத்தது தற்செயலாக. அவளுடைய கைக்கடிகாரத்தின் வார் அறுந்து, கடையில் கொடுத்திருந்தாள். எந்திரத்தின்மேல் நான் எழுதிப் போட்டிருந்த பழைய தாள் ஒன்று கிடந்தது. போகிற போக்கில் அதில் ஒரு தப்பு அவள் கண்ணில் பட்டது. சும்மா விடுவாளா? கோடு போட்டாள். சரியானதை எழுதினாள். மணி பார்க்க இடது மணிக்கட்டைத் திருப்பினாள். அங்கே கடிகாரம் இல்லை. பேனா அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

"இன்னொண்ணு திருத்து" என்றேன்.

திருத்தினாள். மணிக்கட்டைப் பார்த்தாள். நின்றாள்.

அவளுடைய கை முதலில் மணியைத்தான் தேடும், பிறகுதான் கையெழுத்து. மணி இல்லையென்றால் லேப் இல்லை என்று கைக்குத் தெரிந்துபோகிறது. அன்று முதல் சட்டமாக்கினோம். வேலைக்குப் போகும்போது கடிகாரம் கையில் இருக்க வேண்டும். புத்தகத்தின் முன் உட்கார்ந்தால் கடிகாரம் என்னிடம். முதல் வாரம் பத்துக்கு இரண்டு தவறியது. ஒரு மாதத்தில் ஒன்றும் தவறவில்லை. லேபிலும் ஒரு கையெழுத்தும் விட்டுப்போகவில்லை.

"பரீட்சை ஹாலில சுவர்க் கடிகாரம் இருந்தா?" என்று கொழுந்தன் கேட்டான். அவன் ரொம்ப நாளாக எதையும் கேட்காமல் இருந்தவன்.

"என் கை சுவத்தையா பாக்கும்?" என்றாள் சின்னவள்.

பிறந்த நாளுக்குப் பதினெட்டு நாள் முன்பு, தேர்வு மண்டப வாசலில், கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினாள். மூன்று மணி நேரம் வெளியே ஒரு மரத்தடியில் நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு தரம் மணி பார்த்ததில்லை. வெளியே வந்தவளின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எத்தனை தப்பு பார்த்தே?"

"நாலு."

"திருத்தினியா?"

"திருத்தினேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள். "நாலும் யாரோ திருத்தின மாதிரி அனாதையா நிக்குதுக்கா."

எண்பத்து மூன்று வந்தது. நான் தெருவில் பாதிப் பேருக்குச் சொன்னேன். மீதிப் பேருக்கு என் வீட்டுக்காரர் சொன்னார். சின்னவள் முடிவுத் தாளை இரண்டு தரம் படித்துவிட்டு, "எண்பத்து மூணுதானே? ஒரு 'தி' எங்கேயோ விட்டிருக்கேன்" என்றாள். கொழுந்தன் சீட்டு எதுவும் எழுதவில்லை. மறுநாள் அவன் கொண்டுவந்த ரொட்டியில் ஒன்று வழக்கத்தைவிடப் பெரியதாக இருந்தது, அவ்வளவுதான்.

மேற்பார்வையாளராகச் சேர்ந்த முதல் நாள் அவள் நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். வெளிச்சம் இருக்கும்போது அவள் வேலையிலிருந்து வருவதைப் பார்ப்பதே எங்களுக்குப் புதிதாக இருந்தது. ஏழு மணிக்குச் சமையலறையில் இரண்டு பேருக்கும் தட்டு வைத்தேன். "நீங்களும் உக்காருங்க அண்ணி" என்றான் கொழுந்தன். எனக்குப் பசியில்லை என்று பொய் சொல்லி, என் வீட்டுக்காரரையும் முன்னறைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். வானொலியை வைத்தேன். ஆனால் சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தேன், உள்ளதைச் சொல்கிறேன்.

ரொம்ப நேரம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர் எடுக்கும் சாக்கில் எழுந்து எட்டிப் பார்த்தேன். கொழுந்தன் தட்டு காலி. தனியாகவே தின்று பழகியவன், அஞ்சு நிமிடத்தில் முடித்துவிட்டான். கை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தான். சின்னவள் தட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அவள் ஒவ்வொரு வாயாக, நன்றாக மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ எப்பவும் இவ்வளவு மெதுவாத்தான் சாப்பிடுவியா?"

"ஆமா."

"எனக்குத் தெரியாது" என்றான்.

நான் தண்ணீர் எடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன். அவன் எட்டு மணிக்குப் படுத்தாக வேண்டியவன். எட்டேகால் ஆயிற்று. சின்னவள் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டாள், அவன் எழுந்திருக்கவில்லை.